குழந்தையின் பதற்றத்துக்கு மொபைல் செயலி உதவுமா?

"பத்து வயது மகளுக்குப் பதற்றக் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கவுன்சலிங் போகிறோம். நடுவில் வரும் நாட்களில் என்ன செய்வதென்று தெரியவில்லை. குழந்தைகளின் மனநலத்துக்கென்று நிறைய ஆப் இருக்கிறதே, அதில் ஒன்றைப் போட்டுக் கொடுக்கலாமா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? போனைக் குறைக்கச் சொல்கிற நேரத்தில் இது வேறா என்றும் தோன்றுகிறது. அதில் எழுதுவதெல்லாம் யாருக்குப் போகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். ஆனால் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுவதாக இருந்தால் போடவே வேண்டாம். குழந்தைகளுக்கான உளவியலாளராக இந்தச் செயலிகளைப் பல குடும்பங்களோடு பயன்படுத்தியிருக்கிறேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்த வீடுகளில் அவை நன்றாகவே கைகொடுத்தன. பிள்ளையிடம் தனியாக விடப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்குள் மறந்துபோயின. ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் காட்டுகின்றன. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த இரண்டு வார இடைவெளி. 14 நாட்களில் கவுன்சலர் உங்கள் மகளோடு இருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் திட்டம் போடுவார்கள், ஒன்றிரண்டு விஷயங்களைப் பழக்கிக் காட்டுவார்கள். மற்றபடி சிகிச்சை நடப்பது வீட்டிலும் பள்ளியிலும் படுக்கப்போகும் நேரத்திலும்தான். நடுவில் வரும் நாட்களில் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நீங்கள் சொல்வது, உண்மையில் சிகிச்சையின் பெரும்பகுதியைப் பற்றிய கேள்வி.

பதற்றம் எப்படி வளர்கிறது என்று பார்த்தால் இது புரியும். குழந்தை ஒன்றுக்குப் பயப்படுகிறது, அதைத் தவிர்க்கிறது. தவிர்த்த உடனே பெரிய நிம்மதி. "விலகிப்போனதால்தான் ஒன்றும் ஆகவில்லை" என்று மூளை அதைப் பதிந்துகொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வருகிறது. வீட்டிலும் நாம் அன்பினால் இதற்குத் துணைபோகிறோம். கடையில் அவளுக்குப் பதிலாக நாமே பேசிவிடுகிறோம், ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் "ஒன்றும் ஆகாது" என்று உறுதி சொல்கிறோம். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் 124 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவில் குழந்தைக்கு நேரடி சிகிச்சை. இன்னொரு பிரிவில் குழந்தைக்கு எதுவுமில்லை, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி: பயத்துக்கு வளைந்துகொடுப்பதைக் குறைப்பது, அதே நேரம் "உனக்குக் கஷ்டமாக இருப்பது தெரிகிறது, உன்னால் முடியும் என்பதும் தெரியும்" என்று நிற்பது. பெற்றோர் மட்டும் பயிற்சி எடுத்த பிரிவிலும் குழந்தைகள் நேரடி சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பதற்றத்தில் வீட்டுப் பெரியவர்களின் பங்கு அந்த அளவுக்குப் பெரியது. செயலியை முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவர் நீங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சிபிடி என்று உங்கள் கவுன்சலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிகிச்சைமுறை. குழந்தைகளின் பதற்றத்துக்கு இதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் கெண்டல். அவருடைய திட்டத்தில் 16 அமர்வுகள். முதல் பாதியில் உடம்பில் பயம் எப்படி வருகிறது, மனதில் என்ன ஓடுகிறது, அதை எப்படிச் சமாளிப்பது என்று கற்றுக்கொள்கிறார்கள். மறுபாதி முழுக்கப் பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நேரில் சந்திப்பது. இந்தப் பாதிக்குப் பாதி கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஆப் ஸ்டோரைத் திறந்து பாருங்கள். "குழந்தைகள், பதற்றம்" என்று தேடினால் வருவதில் பெரும்பாலானவை மூச்சுப் பயிற்சி, மெல்லிய இசை, தூங்கவைக்கும் கதை, வண்ணம் தீட்டுதல். எல்லாமே முதல் பாதியில் ஒரு துண்டு. நேரில் சந்திக்கவைக்கும் இரண்டாம் பாதி அபூர்வமாகத்தான் இருக்கிறது.

மூச்சுப் பயிற்சி கெட்டது என்று சொல்லவில்லை. படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது மெதுவாக மூச்சை வெளியே விடுவது உடம்பை அடக்கும், அதைக் கற்றுக்கொள்வது நல்லது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், சில பிள்ளைகளுக்கு அந்தப் போன் ஒரு தாயத்தாகிவிடுகிறது. வகுப்புக்குள் நுழையும் முன் செயலியில் மூன்று நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்தே ஆக வேண்டும், சார்ஜ் இல்லாவிட்டால் உள்ளே போகவே முடியாது என்ற நிலை வருகிறது. அப்போது அவள் கற்றுக்கொள்வது "வகுப்பு ஆபத்தில்லை" என்பதை அல்ல. "போன் இருந்ததால் தப்பித்தேன்" என்பதைத்தான். இதுவும் தவிர்த்தலின் இன்னொரு உருவம். அதனால் மூச்சுப் பயிற்சியைச் செயலியில் கற்றுக்கொள்ளட்டும், அமைதியான நேரத்தில் பழகட்டும். ஒன்றிரண்டு வாரத்தில் போன் இல்லாமலே செய்யத் தெரிய வேண்டும் என்பதை இலக்காக வையுங்கள்.

அப்புறம், செயலியால் உருப்படியாக என்ன செய்ய முடியும்? என் அனுபவத்தில் இரண்டு வேலைகளை நன்றாகச் செய்யும்: குறித்துவைப்பது, படிப்படியாகப் பழகவைப்பது.

குறித்துவைப்பது சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் இரண்டு வாரம் கழித்து கவுன்சலர் முன் உட்கார்ந்து "இந்த வாரம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளை சொல்வது "பரவாயில்லை" அல்லது நேற்று நடந்த ஒன்று மட்டும்தான். ஒரு சிறுமியின் கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காலையில் வயிற்று வலி என்று அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடுவாள். கணக்குப் பாடம்தான் காரணம் என்று அம்மா உறுதியாக நம்பினார். தினமும் மாலையில் ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட்டு, ஒரு வரி எழுதும் எளிய செயலி ஒன்றைப் போட்டோம். மூன்று வாரத்தில் கட்டம் கட்டமாக நிறம் விழுந்தபோது, சிவப்பு எல்லாம் செவ்வாயும் வெள்ளியும்தான். கணக்கு தினமும் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் என்ன இருந்ததென்றால், வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் பாடம் வாசிக்கும் பீரியட். அதுவரை அவளே அதைச் சொல்லவில்லை, அவளுக்கே அது தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. பிரச்சினை கணக்கில் இல்லை, பலர் முன் வாசிப்பதில் என்று தெரிந்ததும் சிகிச்சையின் திசையே மாறியது.

இதில் ஓர் எச்சரிக்கை. நாளுக்கு ஒருமுறை போதும், மிஞ்சினால் இரண்டு. ஐந்தாறு முறை நோட்டிஃபிகேஷன் வந்து "இப்போது எப்படி உணர்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், பதற்றமுள்ள குழந்தை தன் உடம்பை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பிக்கும். பள்ளி விட்டு வந்து ஏதாவது சாப்பிட்டு முடித்த நேரம் நல்லது, படுக்கும் நேரம் வேண்டாம். பதற்றத்தோடு ஓசிடியும் இருந்தால், அதாவது திரும்பத் திரும்பச் சரிபார்க்கும், உறுதி கேட்கும் பழக்கம் இருந்தால், குறிப்பு எழுதுவதே ஒரு சடங்காகிவிடலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு கவுன்சலரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்தது படிப்படியாகப் பழகுவது. இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்பது வயதுப் பையன், தனியாகத் தூங்கமாட்டான். கவுன்சலிங்கில் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணி போட்டார்கள். முதல் படி, அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க அவன் படுத்திருப்பது. நடுவில் ஒரு படி, அம்மா கதவருகே நாற்காலியில் ஐந்து நிமிடம். கடைசிப் படி, விளக்கை அணைத்து இரவு முழுக்கத் தனியாக. ஒவ்வொரு படிக்கும் முன்னால் "எவ்வளவு பயமாக இருக்கும்?" என்று பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண் போடுவான். முடிந்த பிறகு "உண்மையில் எவ்வளவு இருந்தது?" என்று இன்னோர் எண். நாற்காலிப் படிக்கு அவன் முதலில் போட்டது 8. செய்து முடித்துவிட்டுப் போட்டது 4. மறுநாள் 7, அப்புறம் 3. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் மருந்து. "நான் நினைத்த அளவுக்கு இல்லை" என்பதைப் பெரியவர்கள் நூறு முறை சொன்னாலும் ஏறாது. அவனே போட்ட எண்களை அவனே விரலால் தள்ளிப் பார்த்தபோது ஏறியது. ஒரு நோட்டுப் புத்தகத்திலும் இதைச் செய்யலாம், நிறையப் பேருக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன். செயலியில் உள்ள வசதி, பழைய எண்களை அழகாக வரிசையாகக் காட்டும், தொலையாது, கவுன்சலரிடம் அப்படியே காட்டலாம்.

இனி ஆய்வுகள். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் விளம்பரங்களில் "அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்ற வரி தாராளமாக வருகிறது.

2017-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பதின்வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்குமான மனநலச் செயலிகள் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தார்கள். 24 கட்டுரைகள், அவற்றில் 15 செயலிகள். அந்த 15-இல் பொதுமக்கள் டவுன்லோடு செய்யக்கூடியதாக இருந்தவை இரண்டே இரண்டு. ஆய்வு நடந்தவை ஸ்டோரில் இல்லை, ஸ்டோரில் இருந்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஆய்வு இல்லை. அதன்பிறகு நிலைமை ஓரளவு முன்னேறியிருக்கிறது. ஆனாலும் ஒரு செயலியைப் பார்க்கும்போது "இதையே வைத்து, இந்த வயதுக் குழந்தைகளிடம், யாராவது சோதித்தார்களா?" என்ற கேள்வியை விடக் கூடாது. "சிபிடி அடிப்படையிலானது" என்று போட்டிருப்பது அதற்குப் பதில் ஆகாது.

நல்ல முடிவுகளும் இருக்கின்றன. நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் சாலி மெரியும் குழுவினரும் ஸ்பார்க்ஸ் என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார்கள். கற்பனை உலகம், ஏழு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மனச்சோர்வைச் சமாளிக்கும் ஒரு திறன். 12 முதல் 19 வயதுள்ள 187 பேரிடம் சோதித்து 2012-இல் முடிவு வெளியானது. இலேசானது முதல் நடுத்தரம் வரையிலான மனச்சோர்வுக்கு, வழக்கமான நேரடிச் சிகிச்சைக்கு அது குறைந்ததாக இல்லை. அந்த ஆய்வில் பெரும்பாலானவர்கள் ஏழு கட்டங்களையும் முடித்தார்கள். ஆனால் இப்படிப்பட்ட கருவிகள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரும்போது நிலைமை வேறு. பொதுமக்கள் தாங்களாகவே எடுத்துப் பயன்படுத்தும் மனநல சுய உதவிக் கருவிகளை 2018-இல் ஒரு தொகுப்பாய்வு பார்த்தது. கடைசிவரை முடித்தவர்கள், அல்லது ஆறு வாரம் கழித்தும் தொடர்ந்தவர்கள், கருவிக்குக் கருவி 0.5 முதல் 28.6 சதவீதம் வரைதான். மறு ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், பிரபலமான 93 மனநலச் செயலிகளை நிறுவிய 30-ஆவது நாளில் திறந்தவர்கள் இடைநிலைக் கணக்கில், அதாவது செயலிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணாக, 3.3 சதவீதம். இவை பெரியவர்களையும் சேர்த்த எண்கள். பெரியவர்களே இப்படி என்றால், பத்து வயதுப் பிள்ளை யாரும் கேட்காமல் தானாகத் தொடர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான ஆய்வு 2024-இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேத்தி கிரெஸ்வெல் தலைமையில், 5 முதல் 12 வயது வரையுள்ள பதற்றமுள்ள குழந்தைகளின் 444 குடும்பங்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிக்கு ஓசி (OSI) என்ற இணையவழித் திட்டம். அதில் வாரம் ஒரு பகுதியாகப் படித்துச் செய்ய வேண்டியது பெற்றோர், தெரபிஸ்ட் வாரந்தோறும் தொலைபேசியில் சுருக்கமாகப் பேசி வழிநடத்துவார். பலன் வழக்கமான சிகிச்சைக்குக் குறையவில்லை, தெரபிஸ்ட் செலவிட்ட நேரம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. கவனியுங்கள், இங்கே தொழில்நுட்பம் இருக்கிறது, பெற்றோரும் இருக்கிறார், தெரபிஸ்ட்டும் இருக்கிறார். எந்தச் சிகிச்சையைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023-இல் குழந்தைகளின் இலேசான, நடுத்தரமான பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சில டிஜிட்டல் கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று சொன்னபோதும், ஒரு நிபுணரின் வழிகாட்டுதலோடு என்றுதான் சொன்னது.

அரசு அனுமதி முத்திரை இருந்தால் போதுமே என்று தோன்றலாம். எண்டெவர் ஆர்எக்ஸ் என்ற விளையாட்டை 2020 ஜூனில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்து விளையாடும் முதல் வீடியோ கேம் அது. நாளுக்கு 25 நிமிடம், வாரம் ஐந்து நாள், நான்கு வாரம். 348 குழந்தைகளிடம் நடந்த முக்கியமான சோதனையில், கணினியில் எடுத்த கவனத் தேர்வின் மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் வீட்டில் பெற்றோர் பார்க்கும் அறிகுறிகளில், ஒப்பீட்டுக்காகச் சாதாரண வார்த்தை விளையாட்டு விளையாடிய குழுவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஸ்கிரீனில் ஏறும் மதிப்பெண்ணும் வாழ்க்கையில் தெரியும் மாற்றமும் ஒன்றல்ல. உங்கள் மகளுக்கு எந்தச் செயலியைப் போட்டாலும், அதற்குள் அவள் சேர்க்கும் நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள். பள்ளிக்குப் போன நாட்கள், தானாகப் பேசிய தருணங்கள், தூங்க எடுத்துக்கொண்ட நேரம், இவற்றைப் பாருங்கள்.

பெயர் சொல்லச் சொன்னால், எல்லாருக்கும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். தெரிந்த சிலவற்றின் இயல்பைச் சொல்கிறேன். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு, சிசமி ஸ்ட்ரீட் நிகழ்ச்சியை எடுப்பவர்கள் உருவாக்கிய 'பிரீத், திங்க், டூ' ஐந்து வயது வரை பொருந்தும், அழும் ஒரு குட்டி மான்ஸ்டருக்குப் பிள்ளை உதவுவதாக அமைந்தது. ஸ்மைலிங் மைண்ட் ஆஸ்திரேலியாவின் லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றின் தியானப் பயிற்சி, வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். கனடாவின் பதற்றக் கோளாறு அமைப்பு நடத்தும் மைண்ட்ஷிஃப்ட் இலவசம், பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கும் பகுதி அதில் இருக்கிறது. ஆனால் அது பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் எழுதப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு நீங்கள் முதலில் படித்து, உங்கள் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

இவற்றில் பலவும் ஆங்கிலத்தில்தான் முழுமையாக இருக்கும். இது நிஜமான தடை. வயிறு பிசைகிறது, நெஞ்சு திக்திக்கென்கிறது, அழுகை முட்டுகிறது என்று வீட்டில் சொல்லும் பிள்ளைக்கு, ஆங்கிலப் பட்டியலில் ஓர் உணர்வைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடும். எளிய மனநிலைக் குறிப்புச் செயலிகள் சிலவற்றில் முகங்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். உட்கார்ந்து அவளையே பெயர் வைக்கச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரமே நல்ல உரையாடலாக இருக்கும்.

ஸ்கிரீன் நேரம் பற்றிய உங்கள் தயக்கம் சரியானது. ஆனால் இதில் பயப்பட அதிகமில்லை, ஏனென்றால் இந்த வேலைக்கு நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தேவையே இல்லை. உங்கள் போனிலேயே போடுங்கள், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும், முடிந்ததும் போன் உங்கள் கைக்கு வந்துவிடட்டும். அவளுக்கென்று இதற்காகத் தனி போன் வாங்க வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரே எண் போடுவதை விட்டு, தூக்கத்தையும் உடற்பயிற்சியையும் ஸ்கிரீன் தின்றுவிடுகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் ஸ்கிரீன் வேண்டாம் என்றும் சொல்கிறது. தூக்கத்துக்கான செயலி என்றாலும் நான் ஆடியோவை மட்டும் போட்டு, போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்கச் சொல்வேன். இன்னொன்று: தினமும் வராவிட்டால் தொடர் அறுந்துவிடும், பொம்மை அழும் என்று மிரட்டும் செயலிகள் சில இருக்கின்றன. பதற்றமுள்ள பிள்ளைக்கு அதுவே புதுக் கவலை. அந்த வசதியை அணைக்க முடியாவிட்டால் செயலியையே விட்டுவிடுங்கள்.

எழுதுவதெல்லாம் யாருக்குப் போகும் என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது, கேட்பவர்கள் குறைவு. மருத்துவர் நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்க வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் ஸ்டோரில் கிடைக்கும் செயலியைக் கட்டுப்படுத்துவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் பின்னால் இருக்கும் மோசில்லா அமைப்பு 2022-இல் மனநலச் செயலிகளும் பிரார்த்தனைச் செயலிகளுமாக 32-ஐ ஆராய்ந்து, 28-க்குத் தனியுரிமை எச்சரிக்கை கொடுத்தது. 2023-இல் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம் பயனாளர்களின் தகவலை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. குழந்தைகள் என்றால் கூடுதல் பாதுகாப்பு உண்டு. பெற்றோர் சம்மதம் எந்த வயது வரை தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 13-க்குக் கீழ், ஐரோப்பிய ஒன்றியத்தில் 13 முதல் 16-க்குள் அந்தந்த நாடு வைக்கும் எல்லை, இந்தியாவின் 2023 சட்டத்தில் 18-க்குக் கீழ். சட்டம் இருப்பது வேறு, செயலி அதன்படி நடப்பது வேறு.

அதனால் நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். பிரைவசி பாலிசி முழுவதையும் படிக்க யாருக்கும் நேரமில்லை. அதில் "விளம்பரம்", "மூன்றாம் தரப்பு", "அழித்தல்" என்ற மூன்றையும் மட்டும் தேடிப் படியுங்கள். கணக்குத் தொடங்காமலே ஓடும், தகவலைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் செயலி கிடைத்தால் அதையே எடுங்கள். மகளின் உண்மைப் பெயர், பள்ளிப் பெயர், பிறந்த தேதி எதையும் கொடுக்காதீர்கள். இருக்குமிடம், மைக், தொடர்பு எண்கள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். மனநிலைக் குறிப்பு எழுத உங்கள் கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு?

இப்போது வரும் பல செயலிகளில் பேசும் சாட்பாட் இருக்கிறது. இதில் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: பத்து வயதுக் குழந்தையைத் தனியாக அதோடு பேசவிடாதீர்கள். 2018-இல் பிபிசி, வோபாட், வைசா என்ற இரண்டு பிரபல மனநல பாட்களிடம், ஒரு குழந்தை தனக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகச் சொன்னால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தது. அவசர உதவி தேவை என்பதை இரண்டுமே புரிந்துகொள்ளவில்லை. ஒன்று ஆறுதலாகப் பாராட்டிப் பேசியது. அதற்குப் பிறகு தொழில்நுட்பம் நிறைய மாறிவிட்டது, பேச்சும் மிக இயல்பாகிவிட்டது. எனக்குக் கவலை தருவது அந்த இயல்புதான். குழந்தை அதை ஒரு ஆள் என்றே நம்பும், உங்களிடம் சொல்ல வேண்டியதை அதனிடம் சொல்லிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று நினைக்கும். பதற்றமுள்ள பிள்ளைக்கு இன்னொரு சிக்கல், நள்ளிரவிலும் சலிக்காமல் உறுதி சொல்லும் ஒன்று கிடைத்துவிடுகிறது. மேலே சொன்ன "பத்து முறை உறுதி சொல்வது" இங்கே ஆயிரம் முறை ஆகிறது.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாப்பாட்டை அடியோடு குறைப்பது, யாரோ தன்னைத் தொடுகிறார்கள் அல்லது அடிக்கிறார்கள் என்ற குறிப்பு, திடீரென்று ஆளே மாறிப்போவது, இவற்றில் எது தெரிந்தாலும் செயலியை மூடிவிட்டு அன்றே கவுன்சலரையோ மருத்துவரையோ கூப்பிடுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணை இன்றே போனில் சேமித்து வையுங்கள். பதின்வயதினரின் சுயகாய எண்ணத்துக்கென்று காம் ஹார்ம், புளூஐஸ் போன்ற செயலிகள் மருத்துவ உளவியலாளர்களால் பிரிட்டனில் உருவாக்கப்பட்டிருக்கின்றன. அந்த உந்துதல் வரும் சில நிமிடங்களைக் கடக்க உதவுவது அவற்றின் நோக்கம். புளூஐஸ், சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் துணையாகவே வடிவமைக்கப்பட்டது. அவற்றையும் சிகிச்சைக்குப் பதிலாக வைக்க முடியாது.

சரி, எப்படி ஆரம்பிப்பது? அடுத்த அமர்வில் கவுன்சலரிடம் "இடையில் வரும் நாட்களில் அவள் எதைப் பழக வேண்டும்?" என்று முதலில் கேளுங்கள். பதிலைப் பொறுத்துச் செயலியைத் தேடுங்கள். முதலில் செயலியை எடுத்துவைத்துக்கொண்டு அதற்கேற்ற வேலையைத் தேடினால், அழகான படங்கள் உள்ள ஒன்றில் போய் நிற்போம். நீங்கள் மட்டும் ஒரு வாரம் அதைப் பயன்படுத்திப் பாருங்கள், உங்கள் சொந்த மனநிலையையே குறியுங்கள். அப்புறம் மகளிடம் காட்டுங்கள். "உனக்கு உடம்பு சரியில்லை, அதனால் இது" என்று அறிமுகப்படுத்தாதீர்கள். "நான் ஒரு வாரமாக எழுதுகிறேன், நீயும் சேர்ந்துகொள்கிறாயா?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் வருகிறார்கள். அவள் எழுதியதை உறவினர் முன் படித்துக் காட்டாதீர்கள். "நேற்று ஏன் சிவப்பு போட்டாய்?" என்று விசாரணை செய்யாதீர்கள். விசாரணை தொடங்கினால் மறுநாளிலிருந்து எல்லாமே பச்சையாகத்தான் இருக்கும். எதை கவுன்சலர் பார்ப்பார், எதை அம்மா அப்பா பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். 13, 14 வயது ஆகும்போது பெற்றோர் பார்க்காத ஒரு பகுதி அவளுக்கு வேண்டியிருக்கும், அப்போது ஆபத்து என்றால் மட்டும் பெரியவர்களுக்குச் சொல்வோம் என்ற ஒப்பந்தத்தை மூவருமாகப் பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஆறு வாரம் கொடுத்துப் பாருங்கள். தொடக்கத்திலேயே கவுன்சலரிடம் குழந்தைகளின் பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பிவிட்டு, ஆறு வாரம் கழித்து அதையே மறுபடி நிரப்புங்கள். எண் இறங்கினால், அன்றாட வாழ்க்கையும் கொஞ்சம் விரிந்திருந்தால், தொடருங்கள். அப்படியே இருந்தால் செயலியை மாற்றிக்கொண்டே போகாதீர்கள், ஏணியின் படிகள் பெரிதாகிவிட்டனவா, வீட்டில் வளைந்துகொடுப்பது இன்னும் நடக்கிறதா என்று கவுன்சலரோடு பேசுங்கள். அவள் தேறி, இனி வேண்டாம் என்ற கட்டம் வரும்போது, போனிலிருந்து செயலியை நீக்கினால் மட்டும் சர்வரில் உள்ள தகவல் போகாது. முதலில் உள்ளே போய்க் கணக்கை டிலீட் செய்யுங்கள், அந்த வசதி இல்லையென்றால் தகவல் முழுவதையும் அழிக்கச் சொல்லி நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகு செயலியை நீக்குங்கள்.